கால் ஊன்ற மறுத்த வீடு

பால் பொங்க வேண்டிய முகூர்த்த நேரத்தில் நித்திலனின் வீடு, “நான் இங்கே உட்கார மாட்டேன்” என்று சொல்லிவிட்டது.

கூட்டுறவுப் பால் பண்ணையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் நித்திலன். வாழ்நாளெல்லாம் வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டு வாழ்ந்தவர், இப்போதுதான் முதல்முறையாகச் சொந்த வீடு வாங்கியிருந்தார். மனை, வடதாங்கல் கிராமத்தில் ‘லேக் வியூ கார்டன்ஸ்’ என்கிற மனைப்பிரிவில். வீடு அன்று காலைதான் தொழிற்சாலையிலிருந்து தன்னுடைய ஆறு கால்களால் நடந்து வந்து சேர்ந்திருந்தது. மனையின் நடுவில் உட்கார்ந்து, கால்களை மண்ணுக்குள் இறக்கி ஊன்றிக்கொள்வதுதான் பாக்கி. ஊன்றிவிட்டால் அப்புறம் அது எல்லா வீட்டையும் போல வீடு. அசையாது.

பந்தலில் சொந்தக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து டிபனுக்குக் காத்திருந்தார்கள். மனைவி ஓவியா உள்ளே அடுப்பில் பாலை ஏற்றிவிட்டாள். நித்திலன் கற்பூரத் தட்டோடு வாசலில் நின்று, “உக்காரு” என்றார், கோயில் யானையிடம் சொல்வது போல.

“மன்னிக்கவும். இது ஏரி,” என்றது வீடு. வாசற்கதவுக்கு மேலிருந்து வந்த அந்தக் குரல், ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிற பெண்மணியின் குரலைப் போலப் பண்பாக இருந்தது.

மனை விற்ற யோகராஜ் பக்கத்தில்தான் நின்றிருந்தார். சந்தனச் சட்டை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. அவர் சிரித்தார். “ஏரி அந்தாண்ட இருக்கு சார். இங்க வியூ மட்டுந்தான்.”

“நான் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்,” என்றது வீடு. “மேலே செம்மண். அது லாரியில் வந்தது. அதற்குக் கீழே வண்டல். கிழக்கே கரை இருந்த மேடு. நில அமைப்பும் நிலப் பயன்பாடும் ஒன்றையே சொல்கின்றன. இது ஏரி.”

“தண்ணியே இல்லையே!” என்றார் நித்திலன்.

“தண்ணீர் வெளியூர் போயிருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது உங்கள் வீட்டில் வேறு யாராவது வந்து உட்கார்ந்தால் ஒப்புக்கொள்வீர்களா?”

பந்தலில் யாரோ சிரித்தார்கள். ஓவியாவின் சித்தப்பா, காது கொஞ்சம் மந்தம், எழுந்து வந்தார். “வீடு எதுக்குப்பா பேசுது? அதுக்கு யாரு பேச்சு சொல்லிக் குடுத்தது?”

“பெரிய வெள்ளத்துக்கப்புறம் வந்த சட்டம் சித்தப்பா,” என்று யோகராஜ் அலுத்துக்கொண்டார். “எங்க கட்டலாம், எங்க கட்டக்கூடாதுன்னு மனுசன் சொன்னா தப்பா சொல்றான்னு, முடிவு பண்ற புத்திய வீட்டுக்குள்ளயே வெச்சு அனுப்பறாங்க. மேடு, பள்ளம், ஓடை, பாறை, வயலு எல்லாத்தையும் பார்த்து வீடு சரின்னு சொன்னாத்தான் ஊன்றலாம். சொல்லலைன்னா அதுவே வேற எடம் தேடிக்கிட்டுப் போகும்.” குரலைத் தாழ்த்தி நித்திலனிடம் சொன்னார்: “சார், அந்தப் புத்திய கழட்டறதுக்கு என்கிட்ட ஆள் இருக்கு. ஒரு போன் போட்டாப் போதும்.”

“எனக்குக் காதும் இருக்கிறது,” என்றது வீடு.

அப்புறம் அது எழுந்தது. ஒட்டகம் எழுவது போல முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். மாவிலைத் தோரணம் அறுந்து சித்தப்பாவின் தோளில் மாலையாக விழுந்தது. ஜன்னலில் ஓவியாவின் முகம் தெரிந்தது. “ஏங்க, பால் பொங்கிருச்சுங்க! ஆனா நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியலை!”

வீடு மனைப்பிரிவின் பெயர் எழுதிய நுழைவு வளைவைத் தாண்டி நடந்தது. நித்திலன் கற்பூரத் தட்டோடு அதன் பின்னால் ஓடினார். டிபனை விட்டுவிட்டு யாரும் கூட வரவில்லை.

வீட்டின் நடை மனிதர் நடக்கிற வேகம்தான். மூச்சு வாங்க ஓடி, தொங்குபடியில் ஏறி, உள்ளே போய் சோபாவில் விழுந்தார். ஓவியா விசிறினாள்.

“கோச்சுக்காதீங்க. அது நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுது.”

“எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. வீடு சொல்லாம இருந்துச்சு. இப்ப அதுவும் ஆரம்பிச்சிருச்சு.”

முதலில் வந்தது வயல்வெளி. தட்டையான, பச்சையான, பார்த்தாலே படுத்துக்கொள்ளத் தோன்றுகிற நிலம். நித்திலன் நிமிர்ந்தார். “இங்க உக்காரேன். எவ்ளோ சமமா இருக்கு பாரு.”

“சமமாக இருப்பது நெல்லுக்காக,” என்றது வீடு. வரப்பின் மேல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, சேறு படாமல் நடந்தது. “நெல் எனக்கு முன்பே வந்துவிட்டது.”

நடவு நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “ஏய்! நாத்துமேல கால் வெச்சே, கால உடச்சிருவேன்!”

“வைக்கவில்லை அம்மா. எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்,” என்று வீடு பணிவாகச் சொல்லி, வேகத்தைக் கூட்டியது. தனக்கு மட்டும் பதில் சொல்லிச் சொல்லி அடக்குகிற வீடு, அந்தப் பெண்ணைக் கண்டதும் பம்முவதை நித்திலன் கவனித்தார். லேசாகத் திருப்தியாக இருந்தது.

அடுத்தது மலையடிவாரம். காற்று நன்றாக வந்தது. ஓவியாவுக்கே ஆசையாகிவிட்டது. வீடு நின்று, “மேலே பாருங்கள்” என்றது. மேலே, யானை அளவில் ஒரு பாறை, எதையோ யோசித்துக்கொண்டு சரிவில் உட்கார்ந்திருந்தது. “அது கீழே இறங்கும் வழியில் நாம் நிற்கிறோம்.” ஓவியா ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

பிறகு ஒரு மேய்ச்சல் நிலம். புறம்போக்கு. ஒரு வீடு கிடையாது, வேலி கிடையாது. “இங்க உக்காந்தா யாரும் கேக்க மாட்டாங்க,” என்றார் நித்திலன்.

“ஆடு கேட்கும்.”

“ஆடு எப்படிக் கேக்கும்?”

“அதனால்தான் நான் கேட்கிறேன்.”

நாற்பது வருட உத்தியோகத்தில் எத்தனையோ அதிகாரிகளைச் சமாளித்தவர் நித்திலன். லஞ்சமும் வாங்காமல், பயமும் இல்லாமல், டீயும் குடிக்காத அதிகாரியை அவர் பார்த்ததில்லை.

இப்படியே சில நாட்கள் போயின. சாயங்காலமானால் வீடு ஏதாவது சாலையோரம் ஒதுங்கி நிற்கும், விடிந்தால் கிளம்பும். ஐப்பசி பிறந்துவிட்டது. வானத்தில் மேகம் கூடியது. வீட்டின் கால்களுக்கு வெயில்தான் சாப்பாடு. வெயில் குறையக் குறைய நடை தளர்ந்தது. ஒரு மத்தியானம் புறவழிச்சாலையின் சரக்கு லாரி நிறுத்துமிடத்துக்கு வந்து, “கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன்” என்று நின்றது.

அங்கே ஏற்கெனவே வரிசையாக வீடுகள் நின்றிருந்தன. கொடிகளில் துணி காய்ந்தது. துளசிச் செடிகள் தொங்குபடிகளில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒரு வீட்டின் கால்களுக்கிடையில் தொட்டில் ஆடியது. பக்கத்து வீட்டு பால்கனியில் ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

“புதுசா சார்?” என்றார் நுரைக்குள்ளிருந்து.

“ஆமா. ஏரின்னு சொல்லிருச்சு.”

“எங்களது ஓடைன்னு சொல்லுச்சு. அது ஆச்சு, பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி. இப்ப பாப்பா நடக்குது. வீடும் நடக்குது.” அவர் சிரித்தார். கண்ணாடியில் தெரிந்த கண்கள் சிரிக்கவில்லை.

“இத்தனை நாளா ஒரு எடங்கூடவா கெடைக்கலை?”

“கெடைச்சுது சார். நல்ல மேடு, கெட்டித் தரை, எல்லாம் கெடைச்சுது. நிலத்துக்குச் சம்மதந்தான். நிலத்துக்காரருக்குத்தான் இல்லை. சொந்தக்காரர் வாயால சரின்னு சொன்னாத்தானே ஊன்றலாம்? கதவத் தட்டுவோம். ஜன்னல் வழியாப் பார்ப்பாங்க. டிவி சத்தம் கூடும். அவ்ளோதான்.” கத்தியைக் கழுவிக்கொண்டே சேர்த்தார்: “புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா, விலாசம் கேக்கறாங்க. எந்த ஊர்னு சொல்றது? இன்னிக்கு இங்க.”

நித்திலன் உள்ளே வந்து ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தார். மழை தொடங்கிவிட்டால் வீடு எங்கே நிற்கிறதோ அங்கேயேதான். பிறகு பொங்கல் வரை லாரிகளோடு குடித்தனம்.

அப்போது வீடு தொண்டையைச் செருமியது. அதற்குத் தொண்டை இல்லை, ஆனாலும் செருமியது.

“இந்த வட்டாரத்திலேயே நமக்குப் பொருத்தமான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். உயரமான பாறை மேடு. தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடிவிடும். சரிவு மெல்லியது. பயிர் கிடையாது, மேய்ச்சல் கிடையாது. பக்கத்தில் ஏற்கெனவே ஒரு வீடும் கிணறும் இரண்டு வேப்பமரமும் இருக்கின்றன. இருக்கிற வெயிலுக்கு அதுவரை போய்விடலாம். பெயர் கல்லுமேடு.”

ஓவியா கணவரைப் பார்த்தாள். நித்திலன் சுவரைப் பார்த்தார்.

“வேற எடம் பாரு,” என்றார்.

“ஏன்?”

“அது எங்க அண்ணன் வீடு.”

“நல்லது. தெரிந்தவர்.”

“தெரிஞ்சவர். அதான் பிரச்சினையே.”

அப்பா சொத்தைப் பிரித்தபோது அண்ணன் முகிலன் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது அந்தக் கல்லுமேடு. ரோட்டோரத்துச் சமநிலம் தம்பிக்கு வந்தது. வந்த வேகத்தில் அதை விற்றும் ஆயிற்று. அதிலெல்லாம் சண்டை இல்லை. சண்டை வந்தது முகிலனின் மகள் கல்யாணத்தில். குடும்பப் போட்டோவுக்கு எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நித்திலனை மட்டும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்களெல்லாம் நின்ற போட்டோவில் சொந்தச் சித்தப்பா இல்லை. அன்றைக்கு மொய் எழுதாமல் கிளம்பியவர், அதன்பின் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அண்ணனும் கூப்பிடவில்லை.

“ஒரு போட்டோக்காக லாரி ஸ்டாண்டுல பொங்கல் வெக்கணுமா?” என்றாள் ஓவியா. “போ,” என்று வீட்டுக்கு உத்தரவு கொடுத்தாள்.

“உரிமையாளர் பெயர் இருவருடையதும்,” என்றது வீடு மகிழ்ச்சியோடு. “ஒருவர் சொன்னால் போதும்.”

கல்லுமேட்டில் முகிலன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சரிவில் ஒரு வீடு தள்ளாடித் தள்ளாடி ஏறி வருவதையும், அதன் தொங்குபடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் கண்டக்டர் மாதிரி தம்பி நிற்பதையும் பார்த்தார். சொம்பைக் கீழே வைத்தார். பார்வையை மட்டும் வேப்பமரத்துக்கு மாற்றிக்கொண்டார்.

“பிரதிக்ஷா,” என்று உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார். “யாரோ வந்திருக்காங்க. என்ன வேணும்னு கேளு.”

நித்திலனுக்கு முகம் சிவந்தது. அவரும் தன் வீட்டிடம் திரும்பினார். “எடம் பொருத்தமா இருக்குன்னு நீதான் கூட்டிட்டு வந்தேன்னு அவர்கிட்ட சொல்லு.”

“எனக்குப் பேர்கூடத் தெரியாதவங்களுக்கு என் நிலத்துல எடம் இல்லைன்னு அந்த வீட்டுக்குச் சொல்லு,” என்றார் முகிலன் மரத்திடம்.

“மேடைக்குக் கூப்பிடத் தெரியாதவங்க பேரப் பத்திப் பேசக்கூடாதுன்னு சொல்லு.”

“நான் அஞ்சல் பெட்டி அல்ல,” என்றது வீடு.

அதற்குப் பிறகுதான் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் கத்தினார்கள்.

“நான் மைக்ல கூப்பிட்டேன்டா! ரெண்டு தரம்! நீ பந்தியில உக்காந்துக்கிட்டு பாயசத்துக்கு அப்பளம் நொறுக்கிட்டு இருந்தே!”

“பந்தியிலதான் இருந்தேன். ஸ்பீக்கர் எனக்கு நேரா மேல இருந்துச்சு. என் பேர் வரலை!”

“வந்துச்சு!”

“வரலை!”

அண்ணி பிரதிக்ஷா கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். “ரெண்டு பேரும் நிறுத்துங்க. அன்னிக்கு மைக்கே வேலை செய்யலை. ஜெனரேட்டர் மாத்தினப்ப கட்டாயிருச்சு. மைக்செட்காரர் அப்புறமா வந்து மன்னிப்பு கேட்டாரு.”

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“இத ஏன் நீ சொல்லலை?” என்றார் முகிலன்.

“நீங்க எப்பக் கேட்டீங்க? மைக்கப் பத்திப் பேச்செடுத்தாலே எழுந்து போயிடுவீங்க.”

இத்தனை வருடக் கோபத்தை வைத்திருந்த இடம் திடீரென்று காலியானதில், நித்திலனுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இடுப்பில் வைத்தார், எடுத்தார், தொங்குபடியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நிலத்தின் உரிமையாளர் சம்மதம் சொல்ல வேண்டும்,” என்று வீடு நினைவூட்டியது. “அதற்கு முன் நீங்கள் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.”

நித்திலன் கீழே இறங்கினார். “அண்ணே. கொஞ்சம் எடம் குடுண்ணே.”

முகிலன் துண்டால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் தண்ணீர் இருந்ததாகத் தெரியவில்லை. “இருந்து தொலையட்டும்,” என்றார்.

“‘தொலையட்டும்’ என்பது சம்மதமா?” என்றது வீடு.

“சம்மதந்தான்!” என்று நான்கு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

நித்திலன் கேட்டுக்கொண்டபடி வீடு கிழக்குப் பார்த்து உட்கார்ந்தது. பாறைக்குள் ஏதோ இறங்கும் சத்தம் கேட்டது. அண்ணி இட்லி ஊற்றினாள். சாப்பிடும்போது அவள்தான் சொன்னாள், சட்னியை வைத்துக்கொண்டே, பெரிய விஷயம் போலவும் இல்லாமல்: “இந்த எடத்தக் கேட்டு எத்தனை வீடு ஏறி வந்துச்சு தெரியுமா தம்பி? எல்லாத்தையும் உங்கண்ணன் திருப்பி அனுப்பிட்டாரு. என் தம்பி வருவான், அவனுக்கு வெச்சிருக்கேன்னு சொல்லுவாரு. ஒரு பொண்ணு நெற மாசம். அதுக்குக்கூட முடியாதுன்னுட்டாரு. நான் ஒரு வாரம் அவருக்குக் காப்பி போடலை.”

“நீ வருவேன்னு தெரியும்,” என்றார் முகிலன், இலையைப் பார்த்தபடி. “வர்ற பாதைதான் தெரியலை.”

அண்ணன் தனக்காக இடம் வைத்திருந்தார் என்கிற சந்தோஷத்தில் நித்திலன் இன்னொரு இட்லி வாங்கினார். வாங்கியதை மெல்லும்போது, பால்கனியில் முகச்சவரம் செய்தவரின் கண்கள் ஞாபகம் வந்தன. அந்த இட்லி மட்டும் சரியாக உள்ளே போகவில்லை.

மழை வந்தது. வந்த மழை ஒரு வாரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போனது. வடதாங்கல் ஏரி ஊர் திரும்பியது. மூலை மனையில் கெளுத்தி மீன் பிடிபடுவதாகச் சொன்னார்கள். யோகராஜ் அசரவில்லை, வளைவில் ‘வியூ’ என்ற சொல்லை மட்டும் பெயின்ட் அடித்து அழித்துவிட்டு, மிதக்கிற வீடுகளுக்கு முன்பதிவு ஆரம்பித்திருந்தார்.

மழை வெறித்த ஒரு காலையில், சரிவில் சத்தம் கேட்டு நித்திலன் வெளியே வந்தார். சின்ன வீடு ஒன்று மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பழைய ரகம், நான்கே கால். அதிலும் ஒன்று நொண்டியது. தொங்குபடியில் ஓர் இளைஞனும், அவன் பின்னால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணும், அவள் தோளில் தூங்குகிற குழந்தையும். அவர்கள் ஏற்கெனவே மறுப்பைக் கேட்டுவிட்டவர்களைப் போல நின்றார்கள்.

“ஐயா, எங்க வீடு இந்த எடத்தச் சொல்லுது,” என்றான் இளைஞன்.

முகிலன் தன் வாசலிலிருந்து தம்பியைப் பார்த்தார். நீயே சொல்லு என்கிற பார்வை. நித்திலன் மேட்டைச் சுற்றிப் பார்த்தார். அண்ணன் வீடு, தன் வீடு, கிணறு, மரம். நடுவில் மிஞ்சியிருந்தது ஒரு கட்டில் போடுகிற இடம்.

“எடம் இல்லையேப்பா,” என்றார். நிஜமாகவே வருத்தமாகச் சொன்னார். சொன்ன பிறகு, டிவி சத்தத்தைக் கூட்டுகிற நிலத்துக்காரரின் குரலை யாரோ தன் வாயில் வைத்துவிட்டது போல இருந்தது.

“நான் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் இருக்கிறது,” என்றது அவருடைய வீடு.

“நீ எப்படித் திரும்புவே? அதான் கால ஊன்றிட்டியே!”

“ஒரு காலை மட்டும்தான் ஊன்றினேன். இந்தப் பாறைக்கு ஒரு கால் போதும். மற்ற ஐந்தையும் மடக்கி வைத்திருக்கிறேன்.”

“ஏன் சொல்லலை?”

“யாராவது வருவார்கள் என்று தோன்றியது.”

முகிலன் தலையைக் குனிந்துகொண்டார்.

“திரும்பினா எந்தப் பக்கம் பார்ப்பே?” என்றார் நித்திலன்.

“தெற்கு.”

“தெற்குப் பார்த்த வாசலா!” என்று அவர் வாய் தானாகச் சொன்னது. அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. அழவில்லை. மேட்டையும் மரத்தையும் அவரையும் வரிசையாகப் பார்த்து, கடைசியாக அவரிடமே வந்து நின்றது.

“திரும்பு,” என்றார் நித்திலன். “ஓவியா! அடுப்ப அணைச்சிட்டு எதையாவது பிடிச்சுக்க!”

நெரிசலான பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்காக ஒருக்களித்து உட்காருகிற பெரிய மனுஷி போல, வீடு ஊன்றிய காலைச் சுற்றி மெதுவாகத் திரும்பியது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. ஓவியா எதையோ, யாரையோ திட்டினாள். முகிலன் சரிவில் இறங்கிப் போய், “கல்லு வழுக்கும், பார்த்து வா” என்று அந்தச் சின்ன வீட்டின் நொண்டிக் காலுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

வீடு திரும்பி முடித்தபோதுதான் நித்திலன் கவனித்தார். இதுவரை அண்ணன் வீட்டைப் பார்க்காமல் இருந்த தன் வாசல், இப்போது அண்ணன் வாசலுக்கு நேர் எதிரே நின்றது. இந்த வாசற்படியிலிருந்து பார்த்தால் அந்த வாசற்படி. நடுவில் ஒளிந்துகொள்ள ஒரு செடிகூட இல்லை.

முகிலனும் அதைப் பார்த்தார். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“போச்சு போ,” என்றார். “இனிமே கோச்சுக்கிட்டாக்கூட ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டேதான் கோச்சுக்கணும்.”